நீளமும் கட்டாய எழுத்தும்

(கும்பகோணத்தில் பள்ளி மாணவர்களும் பெற்றோரும் கூடிய வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும், பாபநாசம், வலங்கைமான், திருவிடைமருதூர் என்று பல ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மேடைக்கு வருவதற்கு முன்னால் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "எம்பையன் தமிழ் மீடியம் சார். ஸ்கிராபிள், வேர்டில் இதெல்லாம் கான்வென்ட்ல படிக்கிற பிள்ளைங்களுக்குத்தானே?" ஸ்கிராபிள் என்பது மதிப்பெண் போட்ட எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஆட்டம்; வேர்டில் என்பது மறைந்திருக்கும் ஆங்கிலச் சொல்லை ஊகித்துக் கண்டுபிடிக்கும் ஆட்டம். அந்த அம்மாவின் கேள்வியை வைத்தே தொடங்குகிறேன். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்கு பிரெஞ்சில் பேச வராது. எழுத்துக் கூட்டல் மனத்தில் நின்றது; அது போதுமானதாக இருந்தது. உச்சரிப்புக்குக் கூச்சப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல சேதி வேறென்ன இருக்கிறது? இந்த ஆட்டத்தில் வாயைத் திறக்கவே வேண்டாம்.

ஆனால் எப்படிப் படிப்பது என்று தெரிய வேண்டும். அகராதியை ஏ-யில் தொடங்கி இசட் வரை புரட்டினால் பாதி வழியிலேயே அலுத்துவிடும். ஆட்டம் நம்மிடம் கேட்பது இரண்டே கேள்விகள்: சொல்லுக்கு எத்தனை எழுத்து? அதில் எந்த எழுத்து இருந்தே ஆக வேண்டும்? வேர்டிலில் ஐந்து எழுத்து, ஆறு வாய்ப்பு. மஞ்சள் கட்டம் வந்தால் அந்த எழுத்து சொல்லில் உண்டு, ஆனால் அந்த இடத்தில் இல்லை என்று பொருள். குறுக்கெழுத்தில் மேலிருந்து இறங்கும் சொல் ஒரு கட்டத்தை நிரப்பிவிடுகிறது. இடமிருந்து வலம் போகும் சொல் அந்த எழுத்தை ஏற்றுத்தான் ஆக வேண்டும். கொடுத்த ஏழு எழுத்துகளிலிருந்து சொல் அமைக்கும் ஸ்பெல்லிங் பீ விளையாட்டில் நடுவில் இருக்கும் எழுத்து இல்லாத சொல் செல்லாது, நான்கு எழுத்துக்குக் குறைந்ததும் செல்லாது. ஆட்டம் இப்படிக் கேட்கும்போது நம் படிப்பும் அதே வரிசையில் இருக்க வேண்டாமா?

இது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியை எடுத்துப் பாருங்கள். சொற்கள் எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கப்பட்டிருக்கும். கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதியிலும் நான்காம் பகுதி தொடையகராதி. செய்யுள் எழுதுகிறவனுக்கு இரண்டாம் எழுத்து ஒத்த சொல் உடனே வேண்டும். அவன் தேவைக்கேற்ப அவர்கள் சொல்லை அடுக்கினார்கள். இன்று இணையத்தில் நீளத்தையும் எழுத்தையும் கொடுத்துச் சொல் தேடுகிறோமே, அதற்கான யோசனை இந்த மண்ணில் எப்போதோ நடந்துவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

சரி, எங்கே தொடங்குவது? இரண்டெழுத்துச் சொற்களில். நீளச் சொல்தான் பெருமை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பலகையில் ஏற்கெனவே கிடக்கும் சொல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல்லை ஒட்டி வைத்தால், இரண்டும் தொடும் இடமெல்லாம் இரண்டெழுத்துச் சொற்கள் உண்டாகும். அத்தனைக்கும் மதிப்பெண் உண்டு. அவை நூற்றுச் சொச்சம்தான். முதலில் கடினமான எழுத்துகளைப் பாருங்கள். க்யூ-வுக்கு க்யூ-ஐ, எக்ஸுக்கு எக்ஸ்-ஐ, இசட்டுக்கு இசட்-ஏ, ஜே-வுக்கு ஜே-ஓ. வி-க்கு இரண்டெழுத்தில் ஒன்றுமே கிடையாது. அதனால் வி கையில் வந்தால் வேன், வாட், வவ், ஐவி, ஈவ் என்று மூன்றெழுத்துச் சொற்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எழுத்துகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அமெரிக்காவில் 1930களில் வேலை போய் உட்கார்ந்திருந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணினார். அந்த எண்ணிக்கையிலிருந்துதான் ஸ்கிராபிளின் 100 வில்லைகள் வந்தன. இ-க்கு 12 வில்லை, மதிப்பு 1. க்யூ-வும் இசட்டும் ஒவ்வொன்றுதான், மதிப்பு 10. எஸ் போட்டால் எதையும் பன்மையாக்கிவிடலாம் என்பதால் அதற்கு நான்கே வில்லை. எஸ்-ஸை அற்ப மதிப்பெண்ணுக்குச் செலவழிக்காதீர்கள்.

க்யூ வந்தால் யூ-வைத் தேடித் தவிக்கிறோம். யூ பின்னால் வராத ஐந்தெழுத்துச் சொற்களைத் தனியாக எழுதிப் பாருங்கள். நாகூர் தர்காவில் பார்க்கும் ஃபகீர்: எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர். நிகாப்: என்-ஐ-க்யூ-ஏ-பி. புர்காவிலும் தலாக்கிலும் அதே க்யூ. உருதுவும் அரபியும் காதில் விழும் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இவை வீட்டுச் சொற்கள். அதேபோல் கல்லணைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயரில் இருக்கும் அனிகட், ஏ-என்-ஐ-சி-யூ-டீ, பெரிய ஆங்கில அகராதிகளில் இருக்கிறது. ஆறெழுத்து, மூன்று உயிர். கட்டுமரமும் ஒன்பது எழுத்தில் அங்கே இருக்கிறது, நான்கு ஏ-யோடு.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. கையில் ஏழு வேறு வேறு எழுத்து இருந்தால் அவற்றை 5,040 விதமாக அடுக்கலாம். அத்தனையையும் யாராலும் புரட்ட முடியாது. போட்டிக்குப் போகிறவர்கள் எழுத்துகளை அகரவரிசையில் நிறுத்தி, அந்த வரிசையோடு சொற்களைச் சேர்த்து நினைவில் வைக்கிறார்கள். இ-ஐ-எல்-என்-எஸ்-டீ என்று எழுதுங்கள். அதில் லிசன் இருக்கிறது. சைலன்ட் இருக்கிறது. என்லிஸ்ட், டின்சல், இன்லெட்ஸ் மூன்றும் இருக்கின்றன. இப்போது ஒரு ஜி-யைச் சேருங்கள். கட்டாய எழுத்து ஜி, நீளம் ஏழு. கிளிசன், சிங்லெட், டிங்கிள்ஸ். ஏழு வில்லையும் ஒரே மூச்சில் இறங்கினால் 50 மதிப்பெண் கூடுதல். ஒரே விதைநெல்லிலிருந்து இத்தனை நாற்று. நோட்டில் பக்கத்துக்கு ஒரு வரிசை எழுதி, எதிரே பொருளையும் தமிழில் எழுதுங்கள். ரிச்சர்ட்ஸுக்குப் பொருள் தேவைப்படவில்லை. உங்களுக்குத் தேவை, நாளைக்கு இதே சொற்களோடுதான் கல்லூரிக்குப் போகப்போகிறீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சொல் தேடித் தரும் தளங்களைப் பிள்ளை திறந்தால் பிடுங்காதீர்கள். ஆட்டம் நடக்கும்போது திறக்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு, கையில் மாட்டிக்கொண்ட எழுத்துகளைப் போட்டு எதைத் தவறவிட்டோம் என்று பார்க்கட்டும். தவறவிட்ட சொல் எளிதில் மறக்காது.

இனிப் பேச்சு போதும், பேனாவை எடுங்கள். ஐந்து எழுத்து. வி இருக்க வேண்டும், ஒய்யில் முடிய வேண்டும். ஒன்று நான் தருகிறேன்: ஹெவி, எச்-இ-ஏ-வி-ஒய். மற்றவற்றை நீங்கள் சொல்லுங்கள், பலகையில் எழுதுகிறேன்.