வாய்க்கு ஒரு வெட்டு, பொருளுக்கு ஒரு வெட்டு

உடற்கூறியல் புத்தகத்தில் கழுத்துப் பாடத்தைத் திறந்ததும் முதலில் மிரட்டுவது ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டுதான். தசையைப் பார்க்கச் சிரமமே இல்லை. தலையை வலப்பக்கம் திருப்புங்கள், இடது கழுத்தில் காதுக்குப் பின்னாலிருந்து தொண்டைக்குழி வரை கயிறு மாதிரி புடைத்து நிற்கிறதே, அதுதான். பெயர்தான் வாயில் நுழைய மாட்டேன் என்கிறது.

சரி, அசை பிரிப்போம். ஸ்டெர், னோ, கிளை, டோ, மாஸ், டாய்டு. ஆங்கிலக் கணக்கில் ஆறு அசை. சொல்லிப் பழக இது போதும், ஆனால் இந்தத் துண்டுகளில் பொருளைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. ஏனென்றால் பொருளுக்கான வெட்டு வேறு இடத்தில் விழுகிறது: ஸ்டெர்ன், ஓ, கிளைட், ஓ, மாஸ்ட், ஆய்டு. ஒவ்வொரு வேரும் மெய்யில் முடிய, அடுத்தது உயிரில் தொடங்க, இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்று பள்ளியில் நன்னூல் படித்தோமே, அந்தப் புணர்ச்சியை இங்கே கிரேக்க வேர்கள் செய்கின்றன, அவ்வளவுதான்.

நடுவில் வரும் இரண்டு 'ஓ'வுக்கும் பொருள் கிடையாது, வெறும் இணைப்பு உயிர். ஸ்டெர்ன் மார்பெலும்பு. கிளைட் காறை எலும்பு, கிரேக்கத்தில் சாவி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. மாஸ்ட் என்றால் முலை, ஆய்டு என்றால் போன்றது. காதுக்குப் பின்னால் விரல் வைத்தால் தட்டுப்படும் எலும்புப் புடைப்புக்கு அந்த வடிவத்தை வைத்தே பெயர்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அடுக்கிய வரிசைதான். தசை தொடங்கும் மார்பெலும்பும் காறை எலும்பும் முதலில், போய்ப் பற்றும் புடைப்பு கடைசியில். ஆக, பெயரைப் பிரித்தாலே தேர்வில் கேட்கும் தொடக்கம், பற்றுமிடம் இரண்டுக்கும் பாதி விடை கையில் இருக்கிறது. பாதிதான், ஏனென்றால் இத்தசை பின்மண்டை எலும்பிலும் கொஞ்சம் பற்றுகிறது, பெயரில் அதற்கு இடமில்லை. சில புத்தகங்கள் கிளைடோவையும் கழற்றிவிட்டு ஸ்டெர்னோமாஸ்டாய்டு என்று எழுதும். சொல்ல வசதி, காறை எலும்பு மட்டும் காணாமல் போய்விடும்.

எல்லாத் தசைக்கும் இந்த வித்தை பலிக்காது. தொடைத் தசையான சார்ட்டோரியஸைப் பிரித்தால் லத்தீனில் தையற்காரர்தான் வருவார், எலும்பு வராது. கழுத்திலேயே இருங்கள்: ஸ்டெர்னோஹையாய்டு, தைரோஹையாய்டு, ஓமோஹையாய்டு. ஓமோ என்றால் தோள், தைரோ என்றால் தைராய்டு குருத்தெலும்பு, ஹையாய்டு என்றால் நாவடி எலும்பு. எங்கே தொடங்கி எங்கே பற்றுகிறது என்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள்.