"போடப் போட சரியாயிடும்"னு சொல்ற பூட்ஸ வாங்காதீங்க!

வணக்கம் மக்களே. இன்னிக்கு கொஞ்சம் கோவமாத்தான் ஆரம்பிக்கிறேன். நம்ம குரங்கணி மலையேத்த வீடியோவுக்குக் கீழ வந்த கமெண்ட்ட படிச்சவங்களுக்கு ஏன்னு தெரியும். "அண்ணா, இறங்கி வந்ததும் கட்டைவிரல் நகம் கறுத்துப் போச்சு, என்ன பண்றது?"ன்னு ஒரு தம்பி போட்டோவோட கேட்டிருந்தாரு. அதுக்குக் கீழ வரிசையா ஒரே பதில், "ஒரு சைஸ் பெருசா எடுங்க ப்ரோ." ஐயோ, வேண்டாங்க. இந்த அட்வைஸ தயவுசெஞ்சு யாருக்கும் சொல்லாதீங்க. கடையில இதுக்கு ஒரு ஜோடி வசனம் வெச்சிருப்பாங்க, "போடப் போட சரியாயிடும் சார்"னு. இந்த ரெண்டும் சேர்ந்துதான் நெறைய பேரு கால கெடுக்குது. ரெண்டையும் இன்னிக்கு பிரிச்சுப் பாத்துரலாம்.

நகம் ஏன் கறுக்குது? இறக்கத்துல ஒவ்வொரு அடிக்கும் பாதம் பூட்ஸுக்குள்ள முன்னாடி சறுக்குது. விரல் போய் முனையில இடிக்குது. குரங்கணி மாதிரி இறக்கத்துல அது ஆயிரக்கணக்கான இடி. நகத்துக்கு அடியில ரத்தம் கட்டிக்குது. இப்போ பஸ்ஸுல கம்பிய புடிக்காம ஒருத்தர் நிக்கிறாரு, டிரைவர் பிரேக் போட்டா முன்னாடி வந்து விழறாரு. பஸ்ஸ நீளமா மாத்தினா விழாம இருப்பாரா? இன்னும் நாலு அடி ஓடிப்போய் விழுவாரு. கம்பிய புடிக்கணும், அவ்வளவுதான். பூட்ஸுல அந்த கம்பி, உங்க குதிகாலும் கணுக்கால் மடிப்பும். அந்த எடத்துல புடிப்பு இல்லன்னா எந்த சைஸ் வாங்கினாலும் நகம் போகும். பூட்ஸ் நெசமாவே சின்னதா இருந்தாலும் நகம் கறுக்கும், அதையும் சொல்லிடறேன். அதனால முதல்ல அளவு.

அளவு எடுக்கறது சாயங்காலம். காலையில இருக்கிற கால் வேற, நாள் பூரா நடந்து வீங்கின கால் வேற. மலையில இருக்கப் போறது ரெண்டாவது கால்தான். ஒரு ஏ4 பேப்பரை செவுத்தோட ஒட்டி தரையில வைங்க. மலைக்குப் போடற அதே சாக்ஸ போட்டுக்கிட்டு, குதிகால் செவுத்துல படற மாதிரி ஏறி நில்லுங்க. முழு எடையும் அந்தக் கால்ல இருக்கணும். உக்காந்துக்கிட்டு அளக்காதீங்க, நின்னா பாதம் நீளும். நீளமான விரல் முனையில கோடு. சில பேருக்கு கட்டைவிரல விட ரெண்டாவது விரல் நீளமா இருக்கும், அத பாத்துக்கோங்க. ரெண்டு காலையும் அளந்து பெரிய கால் எதுவோ அதுக்குத்தான் வாங்கணும்.

பென்சில நேரா, செங்குத்தா புடிங்க. இந்த க்ளோசப்ப பாருங்க. இப்படி சாய்ச்சு விரலுக்கு அடியில கோடு போட்டா ஒரு நாலு மில்லிமீட்டர் கொறஞ்சிருச்சு. நாலு மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம்னு நினைக்காதீங்க. நம்மூர்ல பெட்டியில போடற யூகே சைஸ்ல ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் ஒரு இன்ச்ல மூணுல ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். அரை சைஸ்னா 4.2. பென்சில சாய்ச்ச ஒரே காரணத்துக்கு அரை சைஸ் சின்ன பூட்ஸ் வீட்டுக்கு வந்துரும்! இதுல ஐரோப்பிய நம்பரு ஒரு படிக்கு 6.67 மில்லிமீட்டர். ரெண்டு அளவுகோலும் ஒண்ணோட ஒண்ணு சரியா பொருந்தாது. ஒரு கம்பெனி யூகே 8க்கு 42னு போடும், இன்னொண்ணு 42.5னு போடும். அதனால "நான் எப்பவும் எட்டு"ங்கறத மறந்துருங்க. பூட்ஸ் நாக்குக்கு உள்ள ஒட்டியிருக்கிற லேபிள்ல சென்டிமீட்டர் கணக்கு இருந்தா அதை உங்க அளவோட ஒப்பிடுங்க. அதுவும் ஆரம்பம்தான், முடிவு கால போட்டுப் பாத்துத்தான்.

அடுத்து அகலம். இதைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க. ஷூ தைக்கிறது பாதம் வடிவத்துல இருக்கிற ஒரு கட்டையைச் சுத்தி, அதுக்கு லாஸ்ட்னு பேரு. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில வேலை பாக்கறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. பூட்ஸோட வடிவம் மொத்தமும் அந்த லாஸ்ட்தான். சின்ன வயசுலருந்து வெறுங்கால்லயும் செருப்புலயும் நடந்த பாதம் விரல் பக்கம் நல்லா விரிஞ்சிருக்கும். லாஸ்ட் ஒடுக்கமா இருந்தா சுண்டுவிரல் பக்கம் கடிக்கும். கடிக்குதுன்னு ஒரு சைஸ் ஏத்தினா என்ன ஆகுது? அகலம் கொஞ்சம்தான் கூடுது, நீளம் 8.5 மில்லிமீட்டர் கூடிப் போச்சு. அதைவிட மோசம், பூட்ஸ் மடங்கற எடம் முன்னாடி தள்ளிப் போயிருது. உங்க பாதம் மடங்கறது விரல் தொடங்கற மேட்டுல. பூட்ஸும் அங்கயேதான் மடங்கணும். இல்லன்னா மடிப்பு விரல் மேல விழுந்து அழுத்தும், பின்னாடி குதிகால் தூக்கும், கொப்புளம் வரும். அகலம் பத்தலன்னா அதே மாடல்ல வைட் இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா மாடல மாத்துங்க. நம்பரை மட்டும் ஏத்தாதீங்க.

சரி, கடைக்குப் போயாச்சு. முதல் வேலை, இன்சோல, அதான் பூட்ஸுக்குள்ள பாதத்துக்கு அடியில கிடக்கிற மெத்தைத் தகட்ட, வெளிய எடுங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பாக்கட்டும். அதை தரையில போட்டு மேல ஏறி நில்லுங்க. விரல் முனைக்கும் இன்சோல் முனைக்கும் நடுவுல 10லருந்து 12 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு விரல் அகலம் வேணும். பாதம் ஓரத்துல வழிஞ்சு வெளிய வந்தா அந்த லாஸ்ட் உங்களுக்கு இல்ல, அப்படியே கீழ வெச்சிருங்க. அஞ்சு நிமிஷம் மிச்சம்.

அப்புறம் இன்சோல உள்ள போட்டு, லேஸ் கட்டாம கால விடுங்க. விரல் முன்னாடி லேசா தொடற வரைக்கும் தள்ளுங்க. இப்போ குதிகாலுக்குப் பின்னாடி ஆள்காட்டி விரல் ஒண்ணு சிரமமில்லாம இறங்கணும். இறங்கவே இல்லன்னா சின்னது, ரெண்டு விரல் போச்சுன்னா பெருசு. அதுக்கப்புறம் குதிகால தரையில ரெண்டு தட்டு தட்டி பின்னாடி உக்கார வெச்சு லேஸ கட்டுங்க. படியில இறங்குங்க. சாய்வுப் பலகை வெச்சிருக்கிற கடைன்னா இன்னும் நல்லது, அதுல கீழ் நோக்கி நின்னு முன்காலால மூணு தடவை நல்லா உதைங்க. விரல் முனையில இடிச்சா அது வேண்டாம். ஏறிப் பாக்கும்போது குதிகால் 3, 4 மில்லிமீட்டர் தூக்கறது பரவால்ல, புது சோல் விறைப்பா இருக்கும். அதுக்கு மேல தூக்கினா விட்டுருங்க. குறைஞ்சது இருபது நிமிஷம் கடைக்குள்ளயே நடங்க. ஒரே எடத்துல கடிச்சா, "போடப் போட" அது சரியாகாது. தோல் பூட்ஸ் கொஞ்சம் இளகும், அகலத்துல மட்டும். நீளத்துல ஒரு மில்லிமீட்டர் கூட இளகாது.

இப்போ நான் ரெண்டு நாளா சந்தோஷமா இருக்கிறதுக்குக் காரணம். 40 ரூபா! 40 ரூபா லேஸ்! பாருங்க, கையில வெச்சிருக்கேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல செருப்பு சாமான் விக்கிற கடையில வாங்கினது, தட்டை லேஸ், 180 சென்டிமீட்டர். எவ்வளவோ ஆயிரம் குடுத்து வாங்கின பூட்ஸோட வர்ற அந்த உருண்டை, வழவழ லேஸ் இருக்கே, எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. எப்படி கட்டினாலும் அரை மணி நேரத்துல தளர்ந்துரும். நீளமும் பத்தாது. ஏழெட்டு வரிசை ஓட்டை, கொக்கி இருக்கிற பூட்ஸுக்கு 150, 160 வேணும். நான் இப்போ காட்டப் போற முடிச்சு ரெண்டு போடணும்னா 180. அஞ்சாறு வரிசை இருக்கிற குட்டை ஷூவுக்கு 120 போதும். பழைய லேஸ உருவி டேப் வெச்சு அளந்துட்டு கடைக்குப் போங்க, கண்ணளவுல வாங்கினா தப்பாயிரும். 40 ரூபாயில பூட்ஸே மாறின மாதிரி இருக்கு, நெசமா சொல்றேன்.

கேமராவ கிட்ட கொண்டு வரேன். குதிகால் பின்னாடி உக்காந்திருக்கு. கீழருந்து ஒவ்வொரு குறுக்கா இழுத்துட்டு வாங்க. விரல் பக்கம் லேசா, மேல வர வர இறுக்கமா. கணுக்கால் மடியற எடம் வந்தாச்சு, முதல் கொக்கிக்கு முன்னாடி. சாதாரணமா ஒரு தடவை சுத்துவோம்ல, இங்க ரெண்டு தடவை சுத்தி இழுங்க. இதுதான் சர்ஜன் முடிச்சு. பாருங்க, கைய விட்டுட்டேன், தளரல. குறுக்க கொண்டு போகாம, லேஸ நேரா மேல அந்தந்தப் பக்கத்து கொக்கிக்கு ஏத்துங்க, அப்பதான் முடிச்சு பூட்டிக்கும். அங்க இன்னொரு ரெட்டை சுத்து. இனி மேல எப்படி வேணா கட்டலாம். ஏறும்போது மேல் ரெண்டு கொக்கிய லூசா விட்டா கணுக்கால் நல்லா மடங்கும். இறக்கம் தொடங்கறதுக்கு முன்னாடி நின்னு, குதிகால தட்டி, திரும்ப இறுக்கிக் கட்டுங்க. அந்த நகம் கறுத்த தம்பி, முதல்ல இதைப் பண்ணிப் பாருங்க, புது பூட்ஸே தேவைப்படாம போகலாம். பாதத்து மேல் பக்கம் மேடா இருந்து அழுத்துதுன்னா, அழுத்தற வரிசையில மட்டும் குறுக்கே போடாம ரெண்டு பக்கமும் நேரா மேல ஏத்துங்க. அழுத்தம் உடனே குறையும்.

ஆ, ஒண்ணு விட்டுட்டேன், இன்சோல் சொல்லும்போதே சொல்லியிருக்கணும். பெட்டியில தயாரிச்ச மாசம், வருஷம் அச்சடிச்சிருக்கும், எம்ஆர்பி பக்கத்துலயே. அதைப் படிக்காம காசு குடுக்காதீங்க. பாதி விலை ஆஃபர்னு நாலஞ்சு வருஷம் கிடங்குல கிடந்த பூட்ஸ் வரும். நெறைய பூட்ஸுல சோலுக்கு மேல இருக்கிற மெத்தை பாலியூரித்தேன். காத்துல இருக்கிற ஈரம் அதை மெதுவா சிதைக்கும், வெப்பம் கூடினா இன்னும் வேகமா. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்க்காரங்க கவனிங்க. போடாம வெச்சிருந்தாலும் சிதையும். வெளிய பாத்தா புதுசு மாதிரியே இருக்கும், மலையில பாதி வழியில சோல் புட்டு மாதிரி உதிர்ந்து கையோட வந்துரும். ஓரத்துல வெடிப்பு இருக்கா, அழுத்தினா மாவா உதிருதான்னு பாருங்க. ஈவிஏன்னு இன்னொரு வகை நுரை மெத்தை இருக்கு, அதுக்கு இந்தப் பிரச்சனை இல்ல. அது நாளாக நாளாக அமுங்கிப் போகும், அவ்வளவுதான். எதுவா இருந்தாலும் பிளாஸ்டிக் கவர்ல கட்டி பரண்ல போடாதீங்க. அப்பப்போ போட்டு நடங்க.

சோல் பத்தி சுருக்கமா. பள்ளம் 4, 5 மில்லிமீட்டர் ஆழம் இருந்தா நம்ம மண்ணுக்கும் சரளைக்கும் போதும். பூட்ஸ ரெண்டு கையால துணி பிழியற மாதிரி முறுக்குங்க, சுலபமா முறுக்கிக்கிட்டா பாறையில கால் வலிக்கும். மஞ்சள் முத்திரை போட்ட வைப்ரம் கம்பெனி சோல் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேரு "விட்டாலே பிரமானி"ங்கற இத்தாலிக்காரர் பேரோட சுருக்கம். 1935ல மலையில கூட வந்த ஆறு பேரு இறந்த பிறகு, காலணி சரியில்லாததும் ஒரு காரணம்னு நினைச்சு ரப்பர் சோல் பண்ண இறங்கினாரு. 1937ல அது வந்துச்சு. ஆனா முத்திரை இருக்குன்னு மட்டும் நம்பாதீங்க, அதுலயும் ரப்பர் வகை பல இருக்கு. கெட்டி ரப்பர் ரொம்ப நாள் உழைக்கும், ஈரப் பாறையில வழுக்கும்.

வாட்டர்ப்ரூஃப் வேணுமான்னு எப்பவும் கேப்பீங்க. என் பதில் மாறல. இமயமலையில கேதார்காந்தா பனிக்குப் போறீங்களா, வாங்குங்க. ஏப்ரல் மாசம் நம்ம மலைக்கா, வேண்டாம். உள்ள வேர்த்து ஊறும். மேல் வழியா ஒரு தடவை தண்ணி போச்சுன்னா காய ரொம்ப நேரமாகும். வால்பாறைப் பக்கம் மழைக்காலத்துல போறவங்களுக்கு அட்டைக்கு எதிரா வேண்டியது, நாக்கு ரெண்டு ஓரமும் பூட்ஸோட சேத்துத் தைச்ச மாடல், அதோட முட்டி வரைக்கும் வர்ற அட்டை சாக்ஸ். பருத்தி சாக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். வேர்வைய குடிச்சுட்டு அப்படியே வெச்சுக்கும், தோல் ஊறி கொப்புளம் வரும். கம்பளி கலந்ததோ நைலான் கலந்ததோ எடுங்க. நனைஞ்ச பூட்ஸ அடுப்புப் பக்கத்துல வெச்சுக் காய வெக்காதீங்க, சூட்டுல பசை விட்டுரும். இன்சோல எடுத்துட்டு பேப்பர் கசக்கி உள்ள அடைச்சு, நிழல்ல வைங்க. பேப்பர் நனைய நனைய மாத்துங்க.

வீட்டுக்கு வந்ததும் முதல் ரெண்டு நாள் வீட்டுக்குள்ள மட்டும், சுத்தமான தரையில, ஒரு மணி ரெண்டு மணி நேரம். சோல் அழுக்காகாம இருந்தாத்தான் திருப்பிக் குடுக்க முடியும், பில்லும் பெட்டியும் பத்திரம். துணி, மெஷ் பூட்ஸுன்னா அப்புறம் நாலஞ்சு நாள் தெருவுல நடந்தா போதும். முழுத் தோல் பூட்ஸுக்கு ரெண்டு மூணு வாரம் குடுங்க. வனத்துறையோட "ட்ரெக் தமிழ்நாடு" மலையேத்தப் பாதைகள்ல புக் பண்ணிட்டு முந்தின நாள் பூட்ஸ் வாங்கறவங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். தேதி புக் பண்ற அன்னிக்கே பூட்ஸும் வாங்கிருங்க.

கால் நகம்! அதை சொல்லவே இல்ல பாருங்க. கெளம்பறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி நேரா வெட்டுங்க, ஓரத்துல வளைச்சு உள்ள வெட்டாதீங்க. முந்தின ராத்திரி வெட்டினா புது முனை கூரா இருந்து பக்கத்து விரல கிழிக்கும். லேஸ் கட்டறத மட்டும் மெதுவா தனியா எடுத்து வெச்சிருக்கேன், நாளைக்கு சாயங்காலம் போடறேன். உங்க பூட்ஸுல எத்தனை வரிசை ஓட்டை, எத்தனை கொக்கின்னு எண்ணி கீழ போடுங்க, லேஸ் நீளம் நான் சொல்றேன்.