பேய்மூலம் எதுக்குப் பாக்கணும்?

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம். கொலைகாரனோட சின்ன வயசுக் கதையைச் சொல்ற ப்ரீக்வல் படங்கள் பயத்தைக் கூட்டுதா குறைக்குதாங்கிறது தலைப்பு, குறைக்குதுங்கிற பக்கம் பேச வந்திருக்கேன். எனக்கு முன்னாடி பேசின தம்பி சொன்னாரு, அவன் ஏன் இப்படி ஆனான்னு தெரிஞ்சாதான் மனுஷனா தெரிவான், மனுஷனா தெரிஞ்சாதான் நிஜமான பயம் வரும்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நதிமூலம் ரிஷிமூலம் பாக்காதேன்னு சொல்லிட்டுப் போனாங்களே, பேய்மூலத்துக்கும் அதே கணக்குதான்.

1978ல வந்த ஹாலோவீன் படத்தோட ஆரம்பத்தை நினைச்சுப் பாருங்க. அக்காவைக் கத்தியால குத்திக் கொன்னுட்டு ஒரு உருவம் மாடியில இருந்து இறங்கி வாசலுக்கு வருது, அது யாருன்னு நமக்குத் தெரியாது, ஏன்னா அதுவரைக்கும் அந்த உருவத்தோட கண்ணு வழியாத்தான் நாமளே பாத்துட்டு இருக்கோம், கார்ல வந்து இறங்குன அப்பா முகமூடியை எடுக்கிறாரு, பாத்தா கோமாளி டிரெஸ் போட்ட ஆறு வயசுப் பையன், கையில கத்தி. அவ்வளவுதான். ஏன்? எதுக்கு? ஒரு வார்த்தை கிடையாது. வளந்து முகமூடியோட வர்றப்ப கிரெடிட்ல அவனுக்குப் பேரு கூட கிடையாது, "தி ஷேப்"னுதான் போடுறாங்க, வெறும் உருவம்.

அதையே 2007ல ராப் ஸோம்பி திரும்ப எடுத்தாரு. ரீமேக்தான், ஆனா முன்பாதியில பெரும்பகுதி சின்ன வயசுக் கதை. பையனுக்கு இப்ப பத்து வயசு, அம்மா கிளப்புல ஆடுறவங்க, வீட்டுல அம்மாகூட இருக்கிற ஆளு எந்நேரமும் திட்டுறான், ஸ்கூல்ல அம்மாவை வச்சுக் கேவலமா கிண்டல் பண்றானுங்க. எல்லாத்துக்கும் காரணம் ரெடி. பாவமா இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா பாவம்னு நினைச்ச நிமிஷமே பயம் போயிடுது இல்லையா?

இன்னொண்ணு சொல்லணும் ஐயா, எனக்கு நிஜமாவே வலிக்கிற விஷயம் இதுதான். என் கூட்டாளி ஒருத்தன், அப்பாகிட்ட பெல்ட்டால அடி வாங்கியே வளந்தவன், முதுகுல இன்னமும் தழும்பு இருக்கு. அந்தப் படத்தை என்கூட உக்காந்துதான் பாத்தான். முடிஞ்சதும் ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் "அடி வாங்கினவன் எல்லாம் இப்படித்தான் ஆவான்னு நினைக்கிறாங்களாடா"ன்னு கேட்டான். இன்னிக்கு அவன் தினமும் காலையில பொண்ணுக்கு ரெட்டை ஜடை பின்னி, ரிப்பன் கட்டி ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுறான். எதிரணி சொல்ற "காரணம்" இவனை எங்க கொண்டுபோய் நிறுத்துது?

கொலைகாரனை மனுஷனா காட்டக் கூடாதுன்னு நான் சொல்லல. 1974ல வந்த டெக்சாஸ் செயின்சா படத்துல தோல் முகமூடி போட்ட லெதர்ஃபேஸ், வீட்டுக்குள்ள வந்த மூணாவது ஆளையும் அடிச்சுப் போட்டுட்டு ஜன்னலுக்கு ஓடி வெளிய எட்டிப் பாப்பான். அப்புறம் தொப்புன்னு உக்காந்து தலையில கைய வச்சுக்குவான், முகமூடிக்குள்ள கண்ணு அலையும், நாக்கு பல்லைத் தடவிக்கிட்டே இருக்கும். யாருடா இவங்க, ஏன் ஒவ்வொருத்தரா வந்துட்டே இருக்காங்கன்னு அவனே பயந்து போயிருக்கான்! அந்த வேஷத்துல நடிச்ச கன்னர் ஹான்சன் வாயில வசனம் இல்ல, ஃப்ளாஷ்பேக் இல்ல, ஆனா அவன் வளந்த வீடு எப்படிப்பட்டதுன்னு அந்த ஒரு ஷாட்ல புரிஞ்சிடும். 2017ல அதுக்குப் பூர்வகதைன்னு தனியா ஒரு படமே எடுத்தாங்க, மனநல ஆஸ்பத்திரியில இருந்து தப்பிச்ச பசங்கள்ல யாரு லெதர்ஃபேஸா ஆகப் போறான்னு கடைசி வரைக்கும் புதிர் போட்டாங்க, விடை தெரிஞ்சப்ப "ஓ, இவனா"ன்னு இருந்துச்சே தவிர வயித்துல ஒண்ணும் பிசையல.

எதிரணி அடுத்து பேர்ல் படத்தைத்தான் தூக்கிட்டு வருவாங்க, தெரியும். 2022ல வந்த ப்ரீக்வல், பேர்ல்ங்கிற பொண்ணு கொலைகாரி ஆன கதை, மியா கோத் நடிப்பு, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. 1918, ஃப்ளூ காலம், டெக்சாஸ் பண்ணையில மாட்டிக்கிட்ட பொண்ணு, கண்டிப்பான அம்மா, படுத்த படுக்கையா அப்பா, புருஷன் போர்ல. இதெல்லாம்தான் காரணம்னு சொல்வீங்க. ஆனா படம் தொடங்கின கொஞ்ச நேரத்துலயே, யாரும் அவளைப் பெருசா ஒண்ணும் செய்றதுக்கு முன்னாடியே, வைக்கோல் அள்ளுற கம்பியால ஒரு வாத்தைக் குத்தி எடுத்துட்டுப் போய் முதலைக்குப் போடுறாளே, அது எங்கிருந்து வந்துச்சு? படம் சொல்லாது. சொல்லாததாலதான் கடைசியில அவ சிரிச்ச முகமாவே நிக்கிறப்ப, எழுத்து ஓட ஓட அந்தச் சிரிப்பு அழுகையா மாறுறப்ப நமக்கு உடம்பு நடுங்குது. அந்தப் படம் என் கட்சிக்கு சாட்சி.

மணி அடிச்சிட்டீங்க, ஒரே நிமிஷம் ஐயா. பழைய ஹாலோவீன் கடைசியில குண்டடி பட்டு மாடியில இருந்து விழுந்தவன் கீழே இல்ல. புல்தரை காலியா கிடக்கு. அப்புறம் மாடிப்படி, கூடம், இருட்டுல வீடுங்கன்னு ஆள் இல்லாத இடமா காட்டிட்டே போறாங்க, மூச்சு விடுற சத்தம் மட்டும் கேக்குது. மொத தடவை அதைப் பாத்த ராத்திரி நான் கூடத்து லைட்டை அணைக்கவே இல்ல. அந்த மூச்சுக்குச் சொந்தக்காரன் ஸ்கூல்ல கிண்டல் பட்ட பையன்னு அப்பவே யாராவது சொல்லியிருந்தா நான் அணைச்சுட்டுத் தூங்கியிருப்பேன். நன்றி, வணக்கம்.