தனக்கு வந்தால்தான் தெரியும்

(மகளிர் சங்க ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அம்மா அவர்களே, வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் நகராட்சித் துணைத் தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட தலைமையாசிரியர் அவர்களே, மைக் செட் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம். சால்வைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்த செயலாளருக்குத் தனி நன்றி. வீட்டில் பதினேழு சால்வை கிடக்கிறது.

முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள் நான். சிறுநீர்ப்பை அழற்சியில் ஓர் அரிய வகையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கண்டுபிடிப்பது, வைத்தியம், சாப்பாடு என்று மூன்று விஷயம் சொல்கிறேன்.

1915-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் கை ஹன்னர் என்ற மருத்துவர், பெண்களின் சிறுநீர்ப்பையில் வரும் ஓர் அரிய புண்ணைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இன்றும் அதற்கு ஹன்னர் புண் என்றுதான் பெயர். இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைடிஸ் என்கிற நோயில் ஒரு வகை அது. சிறுநீர் சேரச் சேர அடிவயிறு வலிக்கும், போய்விட்டு வந்தால் கொஞ்சம் தணியும், அரை மணியில் மறுபடி. ராத்திரித் தூக்கமும் போச்சு. ஆண்களுக்கும் வரும், பெண்களுக்கு அதிகம்.

என் மதினிக்கு நாலு வருடம் இது இருந்தது. ஒவ்வொரு தடவையும் கல்ச்சர் என்கிற சிறுநீர்ச் சோதனையில் கிருமி இல்லை என்று வரும். ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுப்பார்கள். வீட்டில் ‘எல்லாம் மனப்பிராந்தி’ என்றார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்!

கல்யாண வீட்டுக்குப் போனால் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் பாத்ரூம் எங்கே என்று பார்ப்பவர் அவர். ஒருநாள் மதுரையிலிருந்து கோவில்பட்டிக்குப் பஸ். விருதுநகர் தாண்டியதும் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்க் கண்டக்டரிடம் சொன்னார். “ஏம்மா, ஏறும்போதே போயிட்டு வரக்கூடாதா?” என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி அவர் சத்தம் போட, பூக்கூடையை மடியில் வைத்திருந்த ஒரு பாட்டி எழுந்தார். “அய்யா, நானும் இறங்கணும்.” அவருக்குப் பின்னால் காலேஜ் பிள்ளை ஒன்று. அப்புறம் கைக்குழந்தைக்காரி. எண்ணிப் பார்த்தால் பதினொரு பேர்! டிரைவர் ஒன்றும் பேசாமல் பெட்ரோல் பங்கில் வண்டியைத் திருப்பினார். கண்டக்டர், பாவம், கைக்குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு நின்றார்.

மதினியைத் தவிர மற்றப் பத்துப் பேருக்கும் நோயில்லை. அவர்களும் அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, கண்டுபிடிப்பது. கிருமி இல்லை என்று உறுதியானதும் காசநோயும் புற்றுநோயும் இல்லையா என்று பார்க்க வேண்டும். சிஸ்டோஸ்கோப் என்ற குழாயை உள்ளே விட்டுப் பார்த்தால் சிவந்த திட்டு தெரியும், பை நிரம்பும்போது அதிலிருந்து ரத்தம் கசியும். துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். மதினிக்கு அந்தத் திட்டை மின்சாரத்தால் கருக்கினார்கள். அங்கேயே ஸ்டீராய்டு ஊசி போடுவதும் உண்டு. அன்று ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்கினார். திரும்ப வரக்கூடிய புண் இது, மறுபடி கருக்க வேண்டியிருக்கும். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அடக்குவதால் இந்த நோய் வருகிறது என்று நான் சொல்லவில்லை, அதற்கு நிரூபணம் கிடையாது. ஆனால் ஒரு நாளில் இருபது முப்பது தடவை போக வேண்டியவள் நம்மூர் பஸ் ஸ்டாண்டில் என்ன செய்வாள்? பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு, சாவி எதிர் டீக்கடையில். தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்று 2021-இல் சட்டம் வந்தது. உட்கார இடம் கிடைத்தது, எழுந்து போக இடம்? துணைத் தலைவர் சிரிக்கிறார். தலைவலியும் காய்ச்சலும், சார்!

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. சாப்பாடு பற்றி இன்னொரு நாள் பேசலாம், காபியை மட்டும் குறைத்துப் பாருங்கள். பூட்டைத் திறக்கச் சொல்லும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவை நூலால் கட்டியிருக்கிறேன், போன கூட்டத்தில் மூன்று காணாமல் போய்விட்டன.