நடுவில் இருந்த ஒன்றேகால் மணி நேரம்

(மலேசியாவின் பினாங்கில் கல்லூரி மாணவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

அறிமுகம் செய்த தம்பி என்னைச் "சுனாமியை நேரில் பார்த்தவர்" என்றார். உண்மைதான். ஆனால் முதலில் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அதன்பிறகு கடற்கரைக்குப் போய் நேரில் பார்த்தவன் நான். அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. வார இறுதியானால் தஞ்சோங் தோக்கோங்கில் அத்தை வீட்டுக்கு வந்துவிடுவேன். அத்தைமேல் பாசம் என்று சொல்லிக்கொள்வது; விடுதிச் சாப்பாட்டுக்குப் பயந்து ஓடிவருவது என்பதே சரி. பதினான்காவது மாடி. காலை ஒன்பது மணிக்குப் பசியாற உட்கார்ந்திருந்தோம். சாமி மேடையில் தொங்கிய தூக்குவிளக்கு ஆட ஆரம்பித்தது. காற்றும் இல்லை, காற்றாடியும் ஓடவில்லை. அத்தை தோசைக் கரண்டியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு, "டேய், எனக்கு மட்டும்தான் தலை சுத்துதா, உனக்குமா?" என்றார்.

அடுக்குமாடியே கீழே இறங்கியது. கைலியோடு சிலர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிலர், பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு சீனப் பாட்டி. சுமத்ராவில் நிலநடுக்கமாம் என்றார்கள். அவ்வளவுதான், முகங்கள் தெளிந்துவிட்டன. சுமத்ரா குலுங்கினால் நமக்கு விளக்கு ஆடும். கீழே இறங்கி ஒரு தேத்தாரே குடித்துவிட்டு மேலே ஏறிவிடுவோம். நிலநடுக்கம் என்பது பக்கத்து வீட்டுக்காரன் பிரச்சினை.

பன்னிரண்டு மணி வாக்கில் அத்தை சன் டிவியைத் திருப்பினார். மெரினாவில் கடல் உள்ளே வந்துவிட்டது என்கிறார்கள். அடுத்து நாகப்பட்டினம் என்று ஊர்ப்பெயர் வந்ததும் அத்தை எழுந்து நின்றுவிட்டார். எங்கள் பாட்டி நாகையில்தான் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியவர். சித்தப்பா வழி உறவெல்லாம் இன்னும் அங்கேதான். அத்தை பழைய நோட்டைப் புரட்டி 00, 91, 4365 என்று எண்களை அழுத்தத் தொடங்கினார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி. மறுபடி. ரீடயல் பொத்தானில் இருந்த எழுத்தே அன்றைக்குத் தேய்ந்திருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பசிபிக் பெருங்கடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது இல்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். எனக்குத் தெரியும் ஐயா! என் தாய்மொழியில், என் அத்தை வீட்டு நடுக்கூடத்தில், படம் போட்டுச் சொன்னார்கள். காலையில் எங்கள் விளக்கை ஆட்டிய அதே நிலநடுக்கம்தான் காரணம் என்றும் சொன்னார்கள். சென்னையைவிட நாம்தான் அந்த இடத்துக்குப் பக்கம் என்று யோசிக்க, பள்ளிக்கூட நிலப்படம் ஒன்று போதும். நான் யோசிக்கவில்லை. "ஐயோ பாவம், ஊர்ல இப்படி ஆயிருச்சே" என்று பாவப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருக்கும் நமக்கு ஏன் பிந்தி வந்தது? இப்போது நான் இயற்பியல் வாத்தியார், சொல்லாமல் விடமாட்டேன். சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர், விமானம் மாதிரி. 50 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர்தான், நம் நெடுஞ்சாலை லாரி மாதிரி. வங்கக் கடலில் அது பறந்தது. நம் பக்கம் வர சுமத்ராவின் வடமுனையைச் சுற்றி, ஆழமில்லாத மலாக்கா நீரிணைக்குள் நுழைந்து, நிதானமாக நடந்து வந்தது. குலுங்கியது நம் நேரப்படி ஒன்பதுக்கு. சென்னைக்குப் போனது பதினொன்றரை வாக்கில். நமக்கு வந்தது ஒன்றேகால் வாக்கில்.

பன்னிரண்டரைக்கு அறைத்தோழன் கூப்பிட்டான். "டேய், தஞ்சோங் பூங்கா பீச்சுக்குப் போலாம், வரியா?"

"மெட்ராஸ்ல கடல் உள்ள வந்துருச்சாம்டா. டிவில போடுறான்."

"அப்படியா? பாவம்லா. சரி, குளிக்கத் துணி எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன்!

மோட்டார் சைக்கிளை நிழலில் போட்டுவிட்டு, ஐஸ் போட்ட செண்டோல் வாங்கிக்கொண்டு மணலில் இறங்கினோம். பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கடற்கரை நிறையக் குடும்பங்கள். கடல் பின்வாங்கியிருந்தது. நான் பார்த்தே இராத சேறு கண்ணுக்கெட்டும் தூரம் பளபளத்தது. மீன்கள் துள்ளின. பொடிசுகள் சிரித்துக்கொண்டே மீன் பொறுக்க ஓடின. நானும் பத்தடி நடந்தேன். கையில் செண்டோல்.

படகுக்குப் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் திடீரென்று எழுந்து, "லாரி! லாரி!" என்று கத்தினார். மலாயில் ஓடு என்று அர்த்தம். (தமிழ்நாட்டு உறவினர் ஒருவரிடம் பிறகு இதைச் சொன்னபோது, "எந்த லாரி?" என்று கேட்டார்.) தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அது கோடாகவே இருந்தது, கோடாகவே இருந்தது, அப்புறம் சுவராகிவிட்டது. பெரியவர் இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடினார். அப்போதுதான் எனக்குக் கால் வந்தது. சாலை ஓரத்து மதிலில் ஏறித் திரும்பிப் பார்த்தால், கறுப்புத் தண்ணீர், சாக்கடை நாற்றம். என் மோட்டார் சைக்கிள் குழந்தை பொம்மை மாதிரி சுற்றிக்கொண்டு போகிறது. ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். நான்கு மொழியிலும் பெயர்கள். சில பெயர்களுக்குப் பதில் குரல் வரவில்லை.

அன்றைக்கு மலேசியாவில் 68 பேர். அதில் 52 பேர் நம் பினாங்கில்; பத்து பெரிங்கி பக்கமும், பாலிக் பூலாவின் பாசிர் பாஞ்சாங்கிலும். தமிழ்நாட்டுக் கணக்கு ஏறத்தாழ 8,000, அதில் நாகை மாவட்டம் மட்டும் 6,000க்கு மேல். அந்த எண்களின் பக்கத்தில் நம்முடையதைச் சிறியது என்று சொல்பவர்கள் உண்டு. அந்த மதிலின்மேல் நின்றிருந்தால் சொல்லமாட்டார்கள்.

சாயங்காலம் வெறுங்காலோடு அத்தை வீட்டுக்கு நடந்து வந்தேன். அத்தை இன்னும் போனும் கையுமாக சன் டிவி முன்னால். என்னைப் பார்த்து, "எங்கடா போயிட்டு இப்படி நனைஞ்சு வர்ற? இங்க நாகப்பட்டினமே போயிருச்சுடா" என்றார். எனக்கு எதையும் சொல்ல வாய் வரவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் அத்தையின் தொலைபேசி மணி அடித்தது. நாகையில் இருந்து தப்பித் திருவாரூர் போயிருந்த சித்தி, அங்கே ஒரு பூத்தில் இருந்து பேசினார். அத்தை "நல்லா இருக்கியாடி?" என்று கேட்க வாயெடுப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டார்.

"அக்கா, பினாங்குலயும் தண்ணி வந்துச்சாமே, நீங்கள்லாம் பத்திரமா இருக்கீங்களா? ரெண்டு நாளா போன் போடுறேன், லைனே கிடைக்கலக்கா."