எந்த எதிர்நீச்சல்?

நேயர்களுக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் வீட்டில் 'எதிர்நீச்சல்' என்று பேச்சு வந்தது. அம்மா உடனே நாகேஷைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். தம்பி மகன், "அதில் சிவகார்த்திகேயன்தானே ஓடுவார்?" என்றான். அத்தைக்கு இரண்டும் இல்லை. அவருக்கு அது சன் டிவி சீரியல். ஒரே பெயரைச் சொல்லி மூன்று பேரும் மூன்று கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வந்தது 1968இல். தான் எழுதிய மேடை நாடகத்தையே கே. பாலசந்தர் படமாக்கினார். பல குடித்தனங்கள் இருக்கும் வீடு. அதன் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடம்தான் மாதுவின் வீடு. அதனால் அவன் பெயரே மாடிப்படி மாது. கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடி, எடுபிடி வேலை செய்து, அவர்கள் போடும் சோற்றில் கல்லூரியில் படிக்கிறான். சிரிக்க வைக்கிற நாகேஷ் இதில் நம்மை அழவும் வைப்பார். பட்டு மாமியாக சௌகார் ஜானகி, கிட்டு மாமாவாக ஸ்ரீகாந்த். 'அடுத்தாத்து அம்புஜத்தை' பாட்டை யாரால் மறக்க முடியும்?

2013இல் வந்த படம் வேறு கதை. குஞ்சிதபாதம் என்ற தன் பெயரால் கேலிக்கு ஆளானவன் பெயரை மாற்றிக்கொண்டு, அப்புறம் மாரத்தான் ஓடுகிறான். அவனுக்குப் பயிற்சி தருகிற வள்ளி, பதக்கத்தைப் பறிகொடுத்த வீராங்கனை. அவளைப் பார்க்கும்போது, 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வென்ற வெள்ளியை இழந்த நம் சாந்தி சௌந்தரராஜன்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்.

சீரியல் 2022இல் தொடங்கியது. படித்த மருமகள்கள் அடுப்படியில் முடங்கிக் கிடக்கும் வீடு. அதில் ஆதி குணசேகரனாக மாரிமுத்து. அத்தை அவரைத் திட்டாத நாளில்லை. 2023 செப்டம்பர் 8 அன்று, அதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சுவலி வந்து உயிர் பிரிந்தது. அன்று அத்தை சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றுக்கும் இந்தத் தலைப்பு பொருந்துகிறது. அதனால் பெயரை மறுபடி எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தம் இல்லை. என் கவலை வேறு. இன்று இணையத்தில் 'எதிர்நீச்சல் பாட்டு' என்று தேடினால் அனிருத் முன்னால் வந்து நிற்கிறார். அவர் பாட்டும் நல்ல பாட்டுதான். ஆனால் 1968 படத்துக்கு இசையமைத்த வி. குமாரை எத்தனை பேர் தேடிக் கண்டுபிடிப்பார்கள்? ஒரு படத்தைச் சொல்லும்போது ஆண்டையும் சேர்த்துச் சொல்வோம். பாட்டு போடும்போது இசையமைப்பாளர் பெயரையும் சொல்வோம். இரண்டு நொடிதான் ஆகும்.

நானே தொடங்குகிறேன். படம் எதிர்நீச்சல், ஆண்டு 1968. பாடல் வாலி, இசை வி. குமார், குரல் சீர்காழி கோவிந்தராஜன். 'வெற்றி வேண்டுமா', கேளுங்கள்.