மெய்நிகர் உலகுக்கு அரசின் சட்டம் தேவையே!

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் சொன்னார்: "மெய்நிகர் உலகம் இப்போதுதான் தவழ்கிறது. நிறுவனங்களே விதி வகுக்கட்டும். பிடிக்காதவர், கண்ணை மூடி அந்த உலகைக் காட்டும் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தால் போயிற்று." கழற்றிய பிறகு என்ன மிச்சமிருக்கிறது? கணக்குப் போடுவோம்.

தலையில் ஹெட்செட், கைக்கொன்றாக இரண்டு கன்ட்ரோலர். ஒவ்வொன்றின் இடத்தைக் குறிக்க மூன்று எண், கோணத்துக்கு மூன்று எண், ஆக 18. நொடிக்கு 90 முறை பதிந்தால் 1,620. இருபதே நிமிடத்தில் 19,44,000 எண்கள்! பதிவதைக் குறை சொல்லவில்லை. பதியாவிட்டால் தலையைத் திருப்பும்போது காட்சி திரும்பாது, குமட்டல்தான் வரும். அந்த எண்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்பதே என் கேள்வி.

2020இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 511 பேரின் அசைவுகளைப் பதிந்தார்கள். ஐந்து நிமிடத்துக்கும் குறைவான பதிவை வைத்தே 95 விழுக்காட்டினரை இன்னாரென்று கணினி சொன்னது. 2023இல் பெர்க்லி ஆய்வாளர்கள் 50,000க்கும் மேற்பட்டோரிடையே 100 நொடி அசைவைக் கொண்டு 94 விழுக்காட்டுக்கு மேல் சரியாகக் கண்டுபிடித்தார்கள். அதே ஆளின் முந்தைய பதிவு இருந்தால் போதும். உயரமும் கைநீளமும் கை வீசும் வாகும் நம்மைக் காட்டிக்கொடுக்கின்றன. அங்கே நமக்காக நடமாடும் உருவமான அவதாரை மாற்றலாம், பெயரை மாற்றலாம். தோள்பட்டையை மாற்ற முடியுமா?

இருக்கிற சட்டமே போதும் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், கைரேகை, முகம் போன்ற உடலடையாளத் தரவு தனி ஆளை அடையாளம் காணும் நோக்கில் கையாளப்பட்டால்தான் அதற்குச் சிறப்புக் காவல் தருகிறது. "ஆட்டம் ஓடுவதற்காகச் சேர்த்தோம்" என்று சொல்ல அங்கே இடமிருக்கிறது. அந்த ஓட்டையைத்தான் அடைக்கச் சொல்கிறோம்: அசைவும், கண் எங்கே பார்க்கிறது என்ற பதிவும் எந்த நோக்கில் சேர்த்தாலும் உடலடையாளத் தரவே. கண் பார்க்கும் இடத்தைக் கணிப்பது கருவிக்குள்ளேயே முடிய வேண்டும். அதன் மூலப்பதிவு நிறுவனத்தின் சர்வருக்குப் போகவே கூடாது.

நிறுவனங்களே விதி வகுத்த கதையையும் பார்ப்போம். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா, ஹொரைசன் வேர்ல்ட்ஸ் என்ற தன் மெய்நிகர் உலகை டிசம்பர் 2021இல் பொதுமக்களுக்குத் திறந்தது. அவதார்களுக்கிடையே சுமார் நான்கடி இடைவெளி வைக்கும் வேலி வந்தது பிப்ரவரி 2022இல், அதுவும் பெண்கள் அத்துமீறல் பற்றிப் புகார் சொன்ன பிறகு! 2023இல் குவெஸ்ட் என்ற தன் ஹெட்செட்டுக்கான வயதெல்லையை 13இலிருந்து, பெற்றோர் ஒப்புதலோடு, 10ஆகக் குறைத்ததும் அதே நிறுவனம்தான். வேலி போடுவதும் வயதைக் குறைப்பதும் அவர்கள் விருப்பம் என்றால், மாட்டிக்கொள்ளும் குழந்தைக்கு யார் பொறுப்பு?

இன்னொன்று, சாட்சியம். எழுத்தில் வசைபாடினால் திரைப்பிடிப்பு இருக்கும். இங்கே குரலும் கைநீட்டலும் அந்தக் கணமே மறைகின்றன. எல்லாவற்றையும் சர்வரில் சேமித்தால் அது வேவு. ஆகவே கடைசி ஐந்து நிமிடம் மட்டும் கருவியிலேயே, பழையது அழிய அழியப் புதியதாகப் பதியட்டும். பாதிக்கப்பட்டவர் புகார்ப் பொத்தானை அழுத்தினால் மட்டும் வெளியே போகட்டும். இதில் எந்தப் புதுமை நசுங்கிவிடும் என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் சொல்லட்டும், நடுவர் அவர்களே!